ரெட்டிச்சாவடியில் இருந்துகொண்டு எந்த அரசின் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்?

கடலூர் வட்டம் ரெட்டிச்சாவடிக்கு அருகில் வசிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் ஆங்கில வழியில் பி.எஸ்சி. முடித்து ஓராண்டு ஆகிறது. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. தந்தை கரும்பு விவசாயி. தாயார் பிறந்த ஊர் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர். வகுப்பு, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அரசு வேலைக்கான அறிவிப்புகளை எங்கே பார்ப்பது, தமிழ்நாடு, புதுச்சேரி என இரண்டு பக்கமும் விண்ணப்பிக்க முடியுமா, பாகூரில் மாமா வீட்டு முகவரியைக் காட்டிக் குடியிருப்புச் சான்று வாங்கலாம் என்று சிலர் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறார். நெய்வேலியில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு அவருடைய தந்தை 20,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டார் என்பதையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

வருவாய்த் துறையில் சான்றிதழ் தொடர்பான வேலைகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பகுதிப் பிள்ளைகள் தேர்வில் மதிப்பெண் குறைந்து வாய்ப்பை இழப்பது எல்லோருக்கும் தெரிகிறது. நல்ல மதிப்பெண் எடுத்தும், தவறான சான்றிதழ் காரணமாகவோ, தவறான அரசின் சான்றிதழ் காரணமாகவோ சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வருபவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே எந்த வேலை என்பதற்கு முன்னால், நீங்கள் எந்த அரசின் கணக்கில் வருகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தூரம் 20 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். பெண் கொடுப்பது, எடுப்பது, நிலம் வாங்குவது, மருத்துவமனைக்குப் போவது எல்லாம் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. ஆனால் வேலைவாய்ப்பு என்று வரும்போது அந்த எல்லை மிகவும் கண்டிப்பானது. தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு. அதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20 விழுக்காடு. புதுச்சேரியில் வகுப்புப் பட்டியலும் வேறு, விழுக்காடும் வேறு. தமிழ்நாட்டு வட்டாட்சியர் அலுவலகம் வழங்கிய சாதிச் சான்றை வைத்துப் புதுச்சேரி அரசுப் பணியில் இடஒதுக்கீடு கோர முடியாது. புதுச்சேரிச் சான்றை வைத்துத் தமிழ்நாட்டிலும் கோர முடியாது. வெளி மாநிலத்தவரையும் யூனியன் பிரதேசத்தவரையும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பொதுப் பிரிவினராகவே கருதுகிறது.

புதுச்சேரிக்கென்று தனித் தேர்வாணையம் கிடையாது. உயர் பதவிகளை யூபிஎஸ்சி எனப்படும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நிரப்புகிறது. கீழ்நிலை எழுத்தர், மேல்நிலை எழுத்தர் போன்ற பதவிகளுக்கான தேர்வைத் தலைமைச் செயலகத்திலுள்ள பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை நடத்துகிறது. காவலர் போன்றவற்றை அந்தந்தத் துறையே அறிவிக்கிறது. இந்த அறிவிப்புகள் பொதுவாகப் புதுச்சேரிப் பூர்வீகத்தையோ, குறைந்தது 5 ஆண்டுத் தொடர் குடியிருப்பையோ கேட்கின்றன. நீங்கள் பிறந்தது, படித்தது, குடியிருப்பது எல்லாம் ரெட்டிச்சாவடிப் பக்கம். தாயாரின் ஊர் பாகூர் என்பதால் உங்களுக்குப் புதுச்சேரிக் குடியிருப்பு வந்துவிடாது.

மாமா வீட்டு முகவரியில் சான்று வாங்கும் யோசனையைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். வாங்குவது எளிதாக இருக்கலாம். ஆனால் பணியில் சேர்ந்த பிறகும் சான்றின் உண்மைத்தன்மை ஆராயப்படும். உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழும் குடும்ப அட்டையும் கடலூர் மாவட்டத்தைக் காட்டும்போது அந்தச் சான்று நிற்காது. வேலை போவதோடு குற்ற வழக்கும் வரும். அந்த வழக்கு நிலுவையில் இருக்கும்வரை வேறெந்த அரசுப் பணிக்கும் போவது மிகவும் கடினம். சான்றுக்குச் சாட்சி சொன்ன மாமாவும் அதில் சிக்குவார்.

இதைக் கேட்டுப் புதுச்சேரியையே கைவிட்டுவிட வேண்டாம். புதுச்சேரியில் இருக்கும் வேலை எல்லாம் புதுச்சேரி அரசின் வேலை அல்ல. கோரிமேட்டில் உள்ள ஜிப்மரும் காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகமும் மத்திய நிறுவனங்கள். அங்கு ஆய்வக உதவியாளர், இளநிலை நிர்வாக உதவியாளர் போன்ற பதவிகள் அறிவிக்கப்படும்போது இந்தியக் குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். குடியிருப்பு நிபந்தனை குறுக்கே வராது. அந்த நிறுவனங்களின் இணையதளங்களில் உள்ள ஆள்சேர்ப்புப் பகுதியை மாதம் இருமுறையாவது பாருங்கள்.

மத்திய அரசு வேலை என்றதும் நம் பகுதியில் பலரும் தவறவிடும் சான்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் நீங்கள் வைத்திருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புச் சான்று மத்திய அரசுப் பணிக்குச் செல்லாது. மத்திய அரசின் 27 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெற, உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கென உள்ள படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற உறுதியோடு, தனியாக ஓபிசி சான்று பெற வேண்டும். இதற்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். ஆனால் அந்தக் கணக்கில் சம்பள வருமானமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை என்பது பல விவசாயக் குடும்பங்களுக்குத் தெரியாது. கரும்புப் பணம் ஆலையிலிருந்து மொத்தமாக வங்கிக் கணக்கில் வருவதைப் பார்த்துவிட்டு, நமக்கு ஓபிசி கிடைக்காது என்று தாங்களாகவே முடிவு செய்து பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்து நான் வருந்தியதுண்டு. இன்னொன்று: சாதிச் சான்று நிரந்தரமானது, ஓபிசி சான்று அப்படியல்ல. எந்தத் தேதிக்குள் பெற்ற சான்று செல்லும் என்பதை ஒவ்வோர் அறிவிப்பும் குறிப்பிட்டிருக்கும். அதைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இனித் தமிழ்நாட்டு வேலைகளுக்கு வருகிறேன். உங்களுக்கு முதன்மையானது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வு. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் முதலிய பதவிகளை ஒரே தேர்வில் நிரப்புகிறார்கள். நேர்முகத் தேர்வு கிடையாது. 200 வினாக்கள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் 100 வினாக்கள் தமிழ் தகுதித் தாள்; அதில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். 2024-ஆம் ஆண்டு அறிவிப்பு 6,244 இடங்களோடு வந்தது. 2025-இல் 3,935 இடங்களோடு வந்து ஜூலை 12-ஆம் தேதி தேர்வு நடந்தது. இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு மாறுவதால், ஒரே ஒரு தேர்வை நம்பி உட்காருவது சரியல்ல.

இந்தத் தேர்வில் உங்களுக்குப் பெரும் பலம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு. கல்லூரியில் ஆங்கில வழியில் படித்துவிட்டதால் அது போய்விட்டதோ என்று நீங்கள் நினைக்கக்கூடும். போகவில்லை. குரூப் 4 பதவிக்கான அடிப்படைக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. ஆகவே முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் போதும். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 2 பதவிகளுக்குத்தான் பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். அங்கே உங்களால் கோர முடியாது. அங்கு கோரிவிட்டால் அது தவறான உரிமைகோரல் ஆகிவிடும் என்பதால், விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் நிரப்பிவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்ததற்கான சான்றை வாங்குவதில் உள்ள நடைமுறையை விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும், ஆறு முதல் பத்து வரை அரசு உயர்நிலைப் பள்ளியிலும் படித்தீர்கள் என்றால், இரண்டு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடமிருந்தும் தனித்தனியாகச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்புப் பள்ளியில் மட்டும் ஒரு சான்றை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். தேர்வாணையம் தந்திருக்கும் படிவத்தை அச்செடுத்துச் செல்லுங்கள். பள்ளியின் பழைய மாதிரியில் எழுதித் தருவதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்தக் கல்வியாண்டு முதல் எந்தக் கல்வியாண்டு வரை என்பது இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். தலைமை ஆசிரியரின் கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். தொடக்கப் பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு பழுதாகி, பக்கங்கள் கிழிந்து கிடப்பது உண்டு. தேடி எடுக்க அவர்களுக்கு நாள் ஆகும். கோடை விடுமுறையில் போனால் பள்ளி பூட்டியிருக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் உங்களைப் போலவே ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே நிற்பார்கள். இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆதாரில் தந்தையின் பெயர் முழுதாகவும், பத்தாம் வகுப்பில் இனிஷியலாகவும், சாதிச் சான்றில் வேறோர் எழுத்துக்கூட்டலாகவும் இருந்தால், மாற்றக்கூடியதை மாற்றி பத்தாம் வகுப்புச் சான்றோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். வீட்டில் மணமான சகோதரிகள் இருந்து அவர்களும் விண்ணப்பித்தால், சாதிச் சான்று தந்தையின் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் பெற்ற சான்றை ஏற்கமாட்டார்கள். கல்யாணமாகி முகவரி மாறிய பெண்கள் பலர் இதில்தான் இடறுகிறார்கள்.

தேர்வாணையத்தின் இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு என்று ஒன்று செய்ய வேண்டும். கட்டணம் 150 ரூபாய். 5 ஆண்டுகள் செல்லும். இந்தப் பதிவு எந்தப் பதவிக்குமான விண்ணப்பம் அல்ல. ஒவ்வோர் அறிவிப்பு வரும்போதும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். உங்கள் வகுப்பினருக்கு மூன்று முறை கட்டணச் சலுகை உண்டு. ஏற்கெனவே எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்பதை உண்மையாகக் குறிப்பிட வேண்டும்.

ஒருமுறைப் பதிவைப் பெரும்பாலோர் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள பிரவுசிங் சென்டரில் செய்துகொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் உங்களிடம் மின்னஞ்சல் இல்லை என்றதும் கடைக்காரர் தம்முடைய மின்னஞ்சலையோ, அங்கேயே அவசரமாக உருவாக்கிய ஒன்றையோ கொடுத்துவிடுவார். கடவுச்சொல்லையும் அவரே வைத்துவிடுவார். இரண்டு ஆண்டுகள் கழித்து நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டிய நேரத்தில் கடவுச்சொல் நினைவிருக்காது. அதை மாற்றுவதற்கான ஓடிபி யாருக்கோ போகும். கடை வேறிடத்துக்கு மாறியிருக்கும். ஆகவே உங்களுடைய சொந்த மின்னஞ்சலையும், நீங்கள் விடாமல் வைத்திருக்கப் போகும் கைப்பேசி எண்ணையும் கொடுங்கள். இலவசத் திட்டம் முடிந்ததும் சிம்மை மாற்றும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவு எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி, சான்றிதழ்கள் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.

விண்ணப்பத்தைக் கடைசி நாள் இரவுக்கு வைக்காதீர்கள். பணம் வங்கியிலிருந்து கழிந்தும் இணையதளத்தில் ஏறாமல் போவது அந்த நாட்களில்தான் அதிகம் நடக்கிறது. விண்ணப்பம் முடிந்ததும் பிடிஎஃப் கோப்பைத் தரவிறக்கி, அதில் கட்டணம் பெறப்பட்டதாகவோ சலுகை கோரப்பட்டதாகவோ இருக்கிறதா, வகுப்பும் தமிழ் வழி விவரமும் சரியாக உள்ளனவா என்று வரி வரியாகப் படியுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு திருத்தம் செய்யச் சில நாட்கள் தருகிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அறிவிப்புகளை எங்கே பார்ப்பது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. அந்தந்த அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளங்களில் பாருங்கள்; அரசுத் தளங்களின் இணைய முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடியும். வாட்ஸ்அப் குழுவில் வருவதை அங்கே போய்ச் சரிபாருங்கள். தேர்வாணையம் ஆண்டுத் திட்ட அட்டவணை வெளியிடுகிறது. அதைக் கொண்டு உங்கள் ஆண்டையே திட்டமிடலாம். காவலர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமும், மருத்துவத் துறைப் பணிகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும், மாவட்ட நீதிமன்றப் பணிகளுக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆள்சேர்ப்புத் தளமும் தனித்தனியாக உள்ளன. நியாயவிலைக் கடை விற்பனையாளர், கட்டுநர் வேலைகளைக் கூட்டுறவுத் துறையின் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் அறிவிக்கிறது. கிராம உதவியாளர் பணி அந்தந்த வட்டத்தோடு நின்றுவிடுவதால், கடலூர் வட்டாட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையையும் கடலூர் மாவட்ட இணையதளத்தையும் பார்த்தால்தான் தெரியவரும்.

மாவட்டத் தளத்தில் சுகாதாரத் துறை, குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு போன்றவற்றின் ஒப்பந்த வேலைகளும் வரும். போட்டி குறைவு, உள்ளூரிலேயே இருக்கலாம் என்பதால் பலர் சேர்கிறார்கள். 'முற்றிலும் தற்காலிகமானது' என்ற வரி அந்த அறிவிப்பில் இருக்கும். எந்தக் காலத்திலும் பணி நிரந்தரம் கோரமாட்டேன் என்று எழுதி வாங்குவதும் உண்டு. படித்துக்கொண்டே சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் சேருங்கள். பிறகு நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் அதை நம்பித் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

மத்திய அரசுத் தேர்வுகளில் உங்களுக்குப் பொருந்துபவை எஸ்எஸ்சி எனப்படும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் சிஜிஎல் (பட்டதாரிகளுக்கானது), சிஎச்எஸ்எல் (பன்னிரண்டாம் வகுப்புத் தகுதிக்கானது), எம்டிஎஸ் (பத்தாம் வகுப்புத் தகுதிக்கானது) தேர்வுகளும், ரயில்வே தேர்வுகளும். எம்டிஎஸ், சிஎச்எஸ்எல் தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம் என்று 2023 முதல் வழி திறந்துவிட்டது. நம் பக்கத்தில் இதை இன்னும் பலர் அறியவில்லை. எஸ்எஸ்சி 2024-இல் புதிய இணையதளத்துக்கு மாறியதால், பழைய தளத்தில் பதிவு செய்திருந்தாலும் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். ரயில்வேயில் 500 ரூபாய் கட்டினால், தேர்வு எழுதியதும் 400 ரூபாய் திரும்ப வரும். வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாகக் கொடுங்கள். அஞ்சல் துறையின் கிராமிய அஞ்சல் ஊழியர் பணிக்குத் தேர்வே இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. உங்கள் மதிப்பெண் உயர்வாக இருந்தால் விண்ணப்பியுங்கள். ஆனால் அது வழக்கமான அரசு ஊழியர் பதவிக்கு நிகரானதல்ல என்பதைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அங்கிருந்து அழைப்பு வரும் என்று காத்திருக்கும் காலம் போய்விட்டது. என்றாலும், பதிவு செய்து 5 ஆண்டுகள் கடந்த பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால், மாதம் 600 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அதைவிட முக்கியம், அங்கு செயல்படும் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவச வகுப்புகள். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டித் தனியார் பயிற்சி மையத்தில் சேரும் முன் அங்கே சென்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு.

என் சொந்தக் கருத்தாக ஒன்று சொல்வேன்: தட்டச்சு கற்றுக்கொள்ளுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வுகளில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறிவிட்டால், குரூப் 4-இல் தட்டச்சர் பதவிக்கும் நீங்கள் போட்டியிடலாம். தகுதியுடையவர்கள் குறைவு என்பதால் அங்கே கட்-ஆஃப் இளநிலை உதவியாளரைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது. தினம் ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும். தேர்வுப் படிப்பு கெடாது.

கடைசியாக அந்த 20,000 ரூபாய். நெய்வேலியில் என்எல்சி என்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நிரந்தரப் பணி, தொழிற்பழகுநர் பயிற்சி, ஒப்பந்தத் தொழிலாளர் வேலை மூன்றும் வேறு வேறு. தொழிற்பழகுநர் பயிற்சிக்கு நிறுவனமே வெளிப்படையாக அறிவித்து மதிப்பெண் அடிப்படையில் எடுக்கிறது, உதவித்தொகை தருகிறது, பயிற்சி முடிந்தால் வேலை என்ற உறுதி எதுவும் கிடையாது. நிரந்தரப் பணியிடங்களும் நிறுவனத்தின் தளத்தில் அறிவிக்கப்பட்டே நிரப்பப்படுகின்றன. இடையில் ஒருவருக்குப் பணம் கொடுத்து நுழைய வழியே இல்லை. இந்த மூன்றையும் குழப்பி, பயிற்சி ஆணையைக் காட்டி நிரந்தர வேலை என்று நம்பவைத்துப் பணம் பறிப்பதுதான் தரகர்கள் செய்வது.

மீதித் தொகையைத் தந்தை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பக்கூடாது. லஞ்சம் கொடுத்த குற்றம் நம் மீதே வருமோ என்று அஞ்சிப் பலரும் புகார் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். தரகர்களுக்கு அந்த அச்சமே துணை. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்பது மோசடி. ஏமாற்றப்பட்டவர் புகார் கொடுக்கலாம். பணம் கைப்பேசி வழியாகப் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பணம் அனுப்பிய விவரம், அவருடைய கைப்பேசி எண், வாட்ஸ்அப் உரையாடல், அவர் அனுப்பிய ஆணையின் படம் ஆகியவற்றை அழிக்காமல் அச்செடுத்துக்கொண்டு, தந்தையோடு நீங்களும் கடலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குச் சென்று எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கி வாருங்கள்.